டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபி: உங்கள் அனுபவங்கள்

கீழ்முதுகில் எல்-5, எஸ்-1 என்னும் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் பிதுங்கிய பகுதியை அகற்றியதும் கால்வலி அன்றே நின்றுவிட்டது. இன்றுவரை என்னை உறுத்துவது வேறொன்று. முதல் பயிற்சி நாளன்று பிசியோதெரபிஸ்ட் தமது பேனாவைத் தரையில் வைத்துவிட்டு, "எடுத்துக் கொடுங்கள்" என்றார். தையல் ஆறியிருந்தது, வலியும் இல்லை. ஆனாலும் அந்தப் பேனாவைப் பார்த்தபடி அசையாமல் நின்றேன். "மூச்சை விடுங்கள்" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. அவர் அவசரப்படுத்தாமல், பேனாவை முதலில் நாற்காலியின் மேல் வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி எடுக்கப் பழக்கினார். "இனி வாழ்நாள் முழுவதும் குனியவே கூடாது" என்று வீட்டுக்கு அனுப்பும்போது போகிற போக்கில் ஒருவர் சொன்ன சொல், தையல் ஆறிய பிறகும் நெடுங்காலம் என்னை விட்டு அகலவில்லை.

* * *

மேலே எழுதியவரோடு எனக்கு முழு உடன்பாடில்லை. எனக்குச் செய்தது இரண்டு முள்ளெலும்புகளைத் திருகாணி வைத்து இணைக்கும் அறுவை; எலும்பு ஒட்டப் பல மாதங்கள் ஆகும் என்பதால், குனிவது, பாரம் தூக்குவது, இடுப்பைத் திருகுவது ஆகிய மூன்றையும் மருத்துவர் தடுத்திருந்தார். அந்தத் தடை என்னை அச்சுறுத்தவில்லை, நிம்மதியே தந்தது. மறுநாள் காலை செவிலியர் என் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, இரண்டும் ஒன்றாகத் திரும்பும்படி என்னைப் பக்கவாட்டில் புரட்டி, கால்கள் கட்டிலிலிருந்து இறங்கும் அதே நொடியில் முழங்கையை ஊன்றி எழவைத்தார். இன்றும் படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் அந்தக் கைகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

* * *

நீங்கள் இருவரும் வெவ்வேறு அறுவைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் இதில் சண்டைக்கு இடமே இல்லை. என் அனுபவம் சிறியது: சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னபோது, வலது குதிகால் தரையை விட்டு எழவே இல்லை.

புதிதாக அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். டிஸ்க் அறுவை செய்துகொண்டவர்கள் அறுவைக்குப் பிறகு 4 முதல் 6 வாரங்களில் பயிற்சியைத் தொடங்கினால், பயிற்சியே இல்லாதவர்களைவிட வலியும் இயலாமையும் விரைவாகக் குறைகின்றன என்றும், அதனால் மறு அறுவை கூடுவதாகச் சான்று இல்லை என்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு கூறுகிறது. அந்தச் சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. நடைதான் முதல் பயிற்சி. ஒரேயடியாக நீண்ட தூரம் நடப்பதைவிட, குறைந்த தூரத்தைப் பலமுறை நடந்து மெல்லக் கூட்டுவது நல்லது. பயிற்சிக்கு மறுநாள் முதுகு சற்றுக் கனத்தால் அஞ்ச வேண்டாம். வலி காலில் கீழ்நோக்கி இறங்கினால் அளவைக் குறைத்து, பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடைகளின் இடைப்பகுதி மரத்தாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். அதில் காத்திருப்பதற்கு எதுவும் இல்லை.

* * *

ஐயா, பயனுள்ள அறிவுரைதான். ஆனால் உங்கள் குதிகால் இப்போது எழுகிறதா என்பதை எழுதாமலே விட்டுவிட்டீர்கள், நான் இங்கே தேடி வந்தது அதைத்தான். எனக்குப் பாதம் தொங்கி, படி ஏறும்போதெல்லாம் விரல்கள் தட்டும். ஒருநாள் பெருவிரலைத் தூக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே என் காலின் முன்புறத்தில் விரல் வைத்திருந்த பயிற்சியாளர் "தசை இழுக்கிறது" என்றார். என் கண்ணுக்கு எந்த அசைவும் தெரியவில்லை, அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. நரம்பு மீண்டும் வளர வேண்டியிருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்று அவரே விளக்கியதால் பொறுமையாக இருக்கிறேன். இப்போது பெருவிரல் எழுகிறது, பாதம் இன்னும் முழுமையாக எழவில்லை. இதே நிலையிலிருந்து மீண்டவர்கள், எந்தத் தசை முதலில் திரும்பியது, அதுவரை பாதத்தைத் தாங்கும் பட்டையை அணிந்திருந்தீர்களா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.