மறு: 'நுவெவோ டாங்கோ'வுக்குத் தமிழில் என்ன?

> கலைச்சொல் பட்டியலில் 'நவீன டாங்கோ' என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் ஆளுக்கொரு விதமாகப் புரியும். அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்தோர் பியாசோலா 1955இல் பாரிஸ் படிப்பு முடிந்து புவெனஸ் அயர்ஸ் திரும்பி, எட்டுப் பேர் குழு ஒன்றைக் கூட்டி, டாங்கோவுக்குள் எலெக்ட்ரிக் கிதாரைக் கொண்டுவந்தாரே, ஆடுவதற்கில்லாமல் உட்கார்ந்து கேட்பதற்கென்று, அதுவும் நவீனம்தான். 2000ஐ ஒட்டி கோத்தான் ப்ராஜெக்ட் போன்ற குழுக்கள் பந்தோனியோனை (டாங்கோவின் துருத்தி வாத்தியம், நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்துச் சொந்தம், அதே வகை ரீடுதான்) கணினித் தாளத்தின் மேல் ஏற்றியதும் நவீனம்தான். 1990களில் கிளம்பிய ஓர் ஆட்டப் பாணி வேறு இருக்கிறது. ஸ்பானியத்தில் ('நுவெவோ' என்றால் புது) பெரும்பாலும் 'நுவெவோ டாங்கோ' என்றால் பியாசோலா வழி இசை, திருப்பிப் போட்டு 'டாங்கோ நுவெவோ' என்றால் அந்த ஆட்டம். அங்கேயே குழம்புகிறார்கள்.

இசைக்குப் 'புது டாங்கோ', கணினிக்காரர்களுக்கு 'மின்னணு டாங்கோ' என்பது என் பரிந்துரை. புதுவும் நவீனமும் ஒன்றுதானே என்பீர்கள். புதுக்கவிதையைப் பாருங்கள். பெயருக்கே வயதாகிவிட்டது, இருந்தும் நேற்று எழுதியது என்று யாரும் நினைப்பதில்லை, யாப்பை விட்டு விலகிய ஒரு வகை என்றுதான் படிக்கிறோம். பியாசோலாவுக்கும் கிட்டத்தட்ட அதே கதை. 'இது டாங்கோவே இல்லை' என்று மரபுக்காரர்கள் சண்டைக்கு வந்தபோது, அவரே தன் இசையைப் 'புவெனஸ் அயர்ஸ் நகரத்தின் இக்கால இசை' என்று சொல்லிக்கொண்டார்.

> 3-3-2 அமைப்புக்கும் ஒரு சொல் வேண்டும்.

எதற்கு? தகிட தகிட தக. எட்டு முடிந்தது. பழைய ஆட்டக்குழுக்கள் நாலு அடியையும் சமமாக மிதித்துக்கொண்டு போகும், பியாசோலா அந்த நாலுக்குள் கிடக்கிற எட்டு அரை அடிகளை இப்படிப் பிரித்து, பாட்டுக்கு அடித்தளமாகவே போட்டுவிட்டார். அவர் கண்டுபிடித்தது இல்லை, டாங்கோவின் நெருங்கிய சொந்தமான மிலோங்கா என்ற ஆட்ட இசையில் முன்பே உண்டு.

அப்புறம் 'சிச்சார்ரா'. வயலினில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டை) அந்தப் பக்கம், வாசிக்கவே கூடாத இடத்தில், வில்லை வைத்துக் கரகரவென்று தேய்ப்பார்கள். அந்தச் சொல்லுக்குச் சிள்வண்டு என்றுதான் பொருள், நாமும் 'சிள்வண்டு' என்றே வைப்போம். பட்டியலில் இருக்கும் 'பாலப்பின்புற உராய்வொலி'யைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அதை எந்த வயலின்காரர் வாயால் சொல்லப்போகிறார்?

இன்னொன்று, ஸ்பானிய உச்சரிப்பு 'தாங்கோ'தான். அப்படி எழுதினால் ஒற்று மிகுந்து 'புதுத்தாங்கோ' என்று ஜோராக வருகிறது. எனக்கு ஆசை.

---

> புதுத்தாங்கோ

ஐயா, யாழ்ப்பாணத்தில் 'தாங்கோ' என்றால் 'கொடுங்கள்'. அம்மாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன், 'என்னத்தைத் தாறது?' என்று கேட்டார். டகரமே இருக்கட்டும். சிள்வண்டுக்கு என் வாக்கு.

---

சரி, டகரமே. பட்டியலில் 'புது டாங்கோ', 'சிள்வண்டு' இரண்டையும் ஏற்றிவிட்டேன். 'லாத்திகோ' பாக்கி இருக்கிறது, வயலினில் விரலை மேலே சரேலென்று இழுப்பது. 'சாட்டை' என்று போடலாமா?