கேம் மாடிங்கிலிருந்து ஓபன் சோர்ஸ் பக்கம் வந்தவங்க: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தொடங்கியவர், கோயம்புத்தூர்:

மாட் (ஏற்கெனவே இருக்கிற கேமை நம்ம இஷ்டத்துக்கு மாத்தறது) செஞ்சு பழகி, அப்புறம் கோட் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிற ஓபன் சோர்ஸ் கேம்களுக்கு வந்தவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. அங்கே என்ன கிடைச்சது, எது கிடைக்கலைன்னு எழுதுங்க. என்னுடையதை முதல்ல சொல்லிடறேன்.

நான் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் ஆரம்பிச்சவன். மலேயோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட மொபைல் கேம். இந்தோனேசியச் சாலைக்காகச் செஞ்சதை நம்ம பசங்க டிஎன்எஸ்டிசி, எஸ்இடிசி, கரூர்ல பாடி கட்டின தனியார் வண்டின்னு முழுசா நம்ம ஊருக்கு மாத்திட்டாங்க. வண்டி மாடல் செய்யறது கஷ்டம், பிளெண்டர்ங்கிற முப்பரிமாண மென்பொருள் தெரியணும். லிவரி, அதாவது பஸ் மேல வர்ற பெயின்ட் வேலை, அப்படி இல்லை. பஸ்ஸோட பக்கங்களை எல்லாம் விரிச்சு வெச்ச ஒரே பிஎன்ஜி படம். அதுல ஜிம்ப்ங்கிற பட மென்பொருளை வெச்சு பட்டை, ஊர் போர்டு, டயர் மேல வர்ற பூ வேலைன்னு வரைஞ்சுட்டே இருப்பேன். சில மாடல்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே படம்தான் இருக்கும். இடப்பக்கம் 'உடுமலை'ன்னு சரியா விழுந்தா வலப்பக்கம் எழுத்து திரும்பி விழும். அந்த மாதிரி மாடல்ல எழுத்தே போடாம கோடு, பூவோட நிறுத்திக்கணும்.

அந்த உலகத்தை இன்னமும் நேசிக்கிறேன். ஆனா வண்டி மாட் பூட்டின கோப்பாத்தான் கைக்கு வரும். செஞ்சவர் வேலைக்குப் போயிட்டார், ஆர்வம் போயிடுச்சுன்னா, ஹெட்லைட் ஒரு பக்கம் எரியலைங்கிற சின்னக் குறையைக்கூட வேற யாரும் திறந்து சரி பண்ண முடியாது. எத்தனையோ நல்ல வண்டி அப்படியே கிடக்குது. என் லிவரி ஒண்ணை முகம் தெரியாத ஒருத்தர் தன் பேரைப் போட்டு வித்துட்டிருந்ததும் நடந்தது. வருத்தமா இருந்தது, சொல்லாம இருக்க முடியலை.

அந்தச் சமயத்துலதான் ஓபன்டிடிடி பிடிச்சுது, ரயில், பஸ்னு போக்குவரத்துக் கம்பெனி நடத்தற ஓபன் சோர்ஸ் கேம். கிறிஸ் சாயர் எழுதி 1995-ல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸை, லுட்விக் ஸ்ட்ரிஜியஸ் பிரிச்சு ஆராய்ஞ்சு சி மொழியில் திரும்ப எழுதி 2004-ல் வெளியிட்டார். ரொம்ப நாளா பழைய கேமோட படக் கோப்புகள் இல்லாம அது ஓடாது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு மரம், வீடு, இன்ஜினையும் புதுசா வரைஞ்சாங்க. அந்தத் தொகுப்புதான் ஓபன்ஜிஎஃப்எக்ஸ். 2010-ல் ஓபன்டிடிடி 1.0 வந்தப்போ பழைய கேமே தேவைப்படலை.

எனக்கு அதுல நீலகிரி மலை ரயில் வேணும்னு ஆசை. கறுப்பு வெள்ளை பிஎன்ஜி படத்தைக் கொடுத்தா ஓபன்டிடிடி அதை நிலமா மாத்திடும். வெளுப்பு மேடு, கறுப்பு பள்ளம். நாசாவோட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசம், வெட்டி எடுக்க கியூஜிஐஎஸ்ங்கிற வரைபட மென்பொருளும் இலவசம். ஒரு விஷயம் கவனிங்க: சுத்தக் கறுப்பு கடலாயிடும். நீலகிரியை மட்டும் வெட்டினா மேட்டுப்பாளையம் சமவெளிதான் படத்துலயே கறுப்பான இடம், தண்ணிக்குள்ள போயிடும். அதனால ஏத்துமதி பண்ணும்போதே தாழ்வான இடத்துக்கும் கொஞ்சம் சாம்பல் நிறம் கொடுத்துடணும்.

அடுத்தது ஏற்றம். நிஜத்துல மேட்டுப்பாளையத்துல 326 மீட்டர்ல கிளம்பற வண்டி 46 கிலோமீட்டர்ல ஊட்டியோட 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுது. கல்லாறு தாண்டினதும் பன்னிரண்டுக்கு ஒண்ணுங்கிற ஏற்றம், அதாவது எட்டு சதவீதத்துக்கு மேல. கேம்ல ரயிலுக்கான சரிவு இயல்பா 3 சதவீதம். அமைப்புகள்ல முடுக்க முறையை நிஜ முறைக்கு மாத்தி, சரிவை 8 ஆக்கினேன். அப்புறம் பாருங்க, தட்டையில பாய்ஞ்சு வந்த நீராவி இன்ஜின் கல்லாறு தாண்டினதும் நடை வேகத்துக்கு வந்துடுச்சு! பெட்டியைக் குறைச்சாத்தான் ஏறுது. ஒரே ஒரு எண்தான் மாறினது, கேம் முழுக்க வேற ஆயிடுச்சு.

இப்போ பல்சக்கர வழியைத் தனித் தட வகையா நியூஜிஆர்எஃப்ல, அதாவது ஓபன்டிடிடிக்கான மாட் கோப்புல, எழுதிட்டிருக்கேன். அதை எழுத என்எம்எல்னு ஒரு எளிய மொழி. குதிரைத்திறன், வேகம், இழுவிசை எல்லாம் சாதா எழுத்துக் கோப்புல எழுதி வெக்கறதுதான். நாளைக்கு நான் விட்டுட்டாலும் கோப்பு திறந்தே கிடக்கும், யார் வேணா எடுத்துச் செய்யலாம். குறைன்னா, டிரைவர் சீட்ல உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற சுகம் இதுல கிடையாது. அதுக்கு இன்னமும் பழைய கேமுக்குத்தான் போறேன்.

பதில், யாழ்ப்பாணம்:

மகனுக்கு மைன்கிராஃப்டில சரியான விருப்பம். எங்கட வீட்டுக் கணினி பழசு, அதால லுவாண்டியைப் போட்டுக் குடுத்தன். 2010இல பின்லாந்துக்காரர் பெர்ட்டு அஹோலா தொடங்கின மைன்டெஸ்ட்தான் அது. 2024 ஒக்டோபரில பேரை மாத்தினவை. அது தனி விளையாட்டு இல்லை, விளையாட்டுகளை ஓட்டுற இயந்திரம். மைன்கிராஃப்ட் மாதிரி வேணுமெண்டா உள்ளுக்க இருக்கிற பட்டியலில மைன்க்ளோனியாவை இறக்கலாம். நாங்கள் அதைத்தான் பாவிக்கிறம்.

அவன் கேட்டது அம்மம்மா வீட்டுத் திண்ணை. இறக்கிற மொட்களில (நீங்கள் மாட் எண்டுறது) அப்பிடி ஒண்டும் இல்லை, நாங்களே செய்தம். எனக்கு அதை எழுதுற லுவா மொழி தெரியாது, இன்னொரு மொட்டைத் திறந்து பார்த்துப் பார்த்துத்தான் எழுதினது. ஒரு கட்டி ஒரு மீற்றர், நடு சுழியம், அங்கால இங்கால அரை அரை. ஆறு இலக்கம் எழுதினா ஒரு பெட்டி. கீழ -0.5, மேல 0 எண்டு எழுத அரை உயரத் திண்ணை வந்திட்டுது. பக்கமெல்லாம் -0.2இல இருந்து 0.2 எண்டு குறைக்கத் தூண். சாய்ஞ்சிருக்கிற திட்டுக்கு ரெண்டாவது பெட்டியை மகனே போட்டான். 'அம்மா, மைனஸ் எண்டா இடப்பக்கம்' எண்டு எனக்குச் சொல்லித் தாறான். பள்ளிக்கூடத்தில அந்தப் பாடம் இன்னும் தொடங்கேல்ல.

கோலமும் போட்டம். வழமையா படம் 16க்கு 16 புள்ளி. இரட்டை எண்ணிக்கையில நடுப்புள்ளி வராது, கோலம் கோணிப் போகும். 17க்கு 17 போட்டுப் பார்த்தம், லுவாண்டி ஒண்டும் சொல்லேல்ல, வடிவா வந்தது.

ஒருக்கா பெரிய கவலையாப் போச்சு. நாங்கள் பாவிச்ச கூரை மொட்டின்ர பேரை அதைச் செய்தவர் மாத்திப்போட்டார். திறந்து பார்த்தா வீட்டு ஓடு முழுக்க 'தெரியாத கட்டி'. மகன் அழுகிற நிலைமை. ஆனா உலகக் கோப்பில பழைய பேர் அப்பிடியே இருக்கும், ஒண்டும் அழியாது. பழைய பேரைப் புதுப் பேரோட இணைக்கிறதுக்கு ஒரு வரிக் கட்டளை இருக்கு. ஓடு வகை ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி எழுத, கூரை திரும்ப வந்திட்டுது. மூடின விளையாட்டெண்டா இதுக்கு நாங்கள் என்ன செய்திருப்பம்?

பதில், மதுரை:

நான் பிரவுசிங் சென்டர் காலத்து ஆளு. லேன்ல கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடினப்போ அதுவே ஒரு மாட்னு எங்க செட்டுல யாருக்கும் தெரியாது. மின் லே, ஜெஸ் கிளிஃப் ரெண்டு பேரும் ஹாஃப் லைஃப்ங்கிற கேமுக்காக 1999-ல செஞ்சது. அப்புறம்தான் ஹாஃப் லைஃப் செஞ்ச வால்வ் நிறுவனம் அதை வாங்குச்சு. அது தெரிஞ்ச நாள்ல இருந்து மாட் செய்யுறவங்க மேல எனக்குத் தனி மரியாதை.

புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கேமை ஓட்டுற இன்ஜினோட கோட் வேற, படமும் சத்தமும் மேப்பும் வேற. டூம் கேமோட கோடை அதைச் செஞ்ச இட் சாஃப்ட்வேர் 1997-லயே வெளிய விட்டாங்க, 1999-ல யார் வேணா மாத்திப் பகிரலாம்ங்கிற ஜிபிஎல் லைசென்ஸுக்கு மாத்துனாங்க. ஆனா அதுல வர்ற பேய், மேப் எதையும் சும்மா பகிர முடியாது, பதிப்புரிமை அவங்களோடது. அந்த இடத்தை நிரப்பத்தான் இலவசப் படம், மேப்போட ஃப்ரீடூம் வந்துச்சு. ஓபன்எம்டபிள்யூ இன்ஜின் இலவசம்தான், ஆனா மாரோவிண்ட் ஆடணும்னா 2002-ல வந்த அந்த கேமைக் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கணும். வைஸ் சிட்டி, ஜிடிஏ 3 ரெண்டையும் ரசிகர்கள் திரும்ப எழுதினப்போ, 2021-ல அந்த கேம்களோட உரிமையாளர் டேக்-டூ அதை நீக்கச் சொல்லி, வழக்கும் போட்டுச்சு. எத்தனை ராத்திரி உழைப்பு அது. அதனால ஒரு ப்ராஜெக்ட்ல மாசக்கணக்கா உழைக்கப் போறீங்கன்னா, முதல்ல லைசென்ஸ் கோப்பைத் திறந்து படிச்சிருங்க. படத்துக்குத் தனி லைசென்ஸ் இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்க.

பதில், சேலம்:

கோவை நண்பருக்கு ஒரு கேள்வி. ஊர் பேரைத் தமிழ்ல வெக்க முடியுமா? அந்த மலை ரயில் மேப்பை எங்களுக்கும் தருவீங்களா?

தொடங்கியவர், கோயம்புத்தூர்:

யாழ்ப்பாணத்து அக்காவுக்கு: அந்தத் திண்ணை மாட் கோப்பை லுவாண்டி பட்டியல்ல போடுங்க, நான் முதல் ஆளா இறக்கிக்கறேன். மதுரைக்காரர் சொன்னது ரொம்ப முக்கியம். என் இன்ஜின் படங்களுக்கும் அதைப் பார்த்துட்டுத்தான் ஜிபிஎல் போட்டிருக்கேன்.

சேலம் நண்பரே, கேமோட மொழிப் பட்டியல்லயே தமிழ் இருக்குது. மேப் செய்யற சினாரியோ எடிட்டர்ல ஊரைச் சொடுக்கி குன்னூர், கேத்தி, லவ்டேல்னு பேரை மாத்திடலாம். எழுத்து சரியா வரலைன்னா அமைப்புக் கோப்புல தமிழ் எழுத்துரு ஒண்ணோட பேரைக் கொடுங்க.

மேப் தயார், இந்த வாரக் கடைசியில ஏத்திடறேன். பாக்கி நிக்கறது அந்த மலை ரயிலோட எக்ஸ் வகை நீராவி இன்ஜின் ஒண்ணுதான். எட்டுத் திசைக்கும் எட்டுப் படம் வேணும். பக்கவாட்டுல பார்க்கற ரெண்டும் நல்லா வந்திருக்குது, மூலைத் திசை நாலுலயும் பிஸ்டன் எங்கே நிறுத்தறதுன்னு பிடிபடலை. பிக்சல் வரையறவங்க யாராவது இருந்தா கை கொடுங்க, மூலக் கோப்பை அனுப்பறேன்.