ஸ்டீவ் கெர்: பெஞ்சிலிருந்து வந்த ஆட்டக்காரர் எப்படி இப்படி ஒரு கோச் ஆனார்?

வெளிக்கோடு:
வணக்கம். ஸ்டீவ் கெர் ஆட்டக்காரராக 5 சாம்பியன்ஷிப், கோச்சாக 4 வாங்கியிருக்கிறார். ஆனால் என்பிஏ-வில் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆடிய 910 ஆட்டங்களில் அவருடைய சராசரி 6 பாயிண்ட்தான். இரண்டு கேள்விகள்.

2014-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு வந்தபோது அப்படி என்னதான் மாற்றினார்? ஸ்டீபன் கரி மாதிரி ஒரு ஷூட்டர் டீமில் இருந்தால் யார் கோச்சாக இருந்தாலும் கப் வரும் என்று ஒரு கட்சி சொல்கிறதே?

இரண்டாவது, வாரியர்ஸ் ஓட்டும் ‘ஸ்ப்ளிட்’ ஆட்டத்தைக் (போஸ்ட் ஆளுக்கு, அதாவது கூடைக்கருகே நிற்பவருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, வெளியே இருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வெட்டுவது) கல்லூரி டீமுக்குச் சொல்லித்தர முடியுமா? வீடியோ பார்த்து ஓட்டினால் ஐந்து பேரும் போஸ்டைச் சுற்றிக் குவிந்துவிடுகிறார்கள்.

ஆறாவது ஆள்:
முதல் கேள்விக்கு, அவர் எந்த மாதிரி ஆட்டக்காரர் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. 1988 டிராஃப்டில் (டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சி) 50-ஆவது ஆளாக ஃபீனிக்ஸ் எடுத்தது. வேகம் கிடையாது, உயரம் கிடையாது, பந்தைத் தட்டிக்கொண்டே ஆளைத் தாண்டிப் போகும் வித்தை கிடையாது. போதாததற்கு 1986 உலகப் போட்டியில் முட்டி போய், கல்லூரியில் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்திருந்தவர். தனக்கு ஷாட் கிடைக்க வேண்டுமானால் வேறொருவர் ஸ்கிரீன் வைக்க வேண்டும் (டிஃபென்டரின் வழியை மறித்து நிற்பது), வேறொருவர் பாஸ் தர வேண்டும். கிடைத்ததை வீணாக்கியதில்லை. த்ரீ பாயிண்டரில் வாழ்நாள் சராசரி 45.4 சதவீதம், என்பிஏ-வில் இன்றுவரை அதுதான் உச்சம். (1994-95-இல் 52.4 சதவீதம் அடித்தார். அந்த வருஷம் த்ரீ பாயிண்ட் கோட்டின் தூரத்தைச் சுற்றிலும் 22 அடிக்குக் குறைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

1997 ஃபைனல்ஸ், கெர் அப்போது சிகாகோவில், யூட்டாவுக்கு எதிராக ஆறாவது ஆட்டம், ஸ்கோர் 86-86. பந்து ஜோர்டன் கையில். கெரைக் காக்க வேண்டிய ஸ்டாக்டன் அவரை விட்டுவிட்டு ஜோர்டன் மேல் பாய்கிறார். பந்து கெருக்கு வருகிறது, 17 அடியிலிருந்து ஷாட், உள்ளே. மிச்சம் 5 செகண்ட். இந்த ஒரு பொசஷனில் அவருடைய பிற்காலக் கோச்சிங் முழுக்க இருக்கிறது: நட்சத்திர ஆள் இரண்டு டிஃபென்டரைத் தன் பக்கம் இழுக்கட்டும், பந்து காலியாக நிற்பவனுக்குப் போகட்டும்.

சிகாகோவில் கோச் ஃபில் ஜாக்சனின் ட்ரையாங்கிள் (முக்கோணமாக நின்று பாஸ் செய்யும் முறை), சான் அன்டோனியோவில் கோச் பாப்போவிச்சின் பந்து சுழற்சி, இரண்டையும் உள்ளே இருந்து பார்த்தவர். 2007 முதல் 2010 வரை ஃபீனிக்ஸில் ஜெனரல் மேனேஜர். வேகமாக ஓடும் டீமுக்கு மெதுவான பெரிய சென்டர் ஷாக்கைக் கொண்டுவந்து, வேகமான மேரியனைக் கொடுத்தது பெரிய சறுக்கல்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கோச்சாக இருந்த ஆல்வின் ஜென்ட்ரியைத்தான் 2014-இல் தாக்குதல் ஆட்டத்துக்கு உதவிக் கோச்சாகக் கூட்டிவந்தார். தடுப்பாட்டத்துக்கு ரான் ஆடம்ஸ். தனக்கு முன் கோச்சிங் அனுபவமே இல்லை என்பது தெரிந்து செய்த தேர்வு.

கெர் வருவதற்கு முந்தைய சீசனில் வாரியர்ஸ் பாஸ் எண்ணிக்கையில் லீகிலேயே கடைசி. ஆளும் அதிகம் மாறவில்லை, ஆனால் 51 வெற்றி 67 ஆனது, 40 வருஷம் கழித்துக் கப் வந்தது. ஸ்டார்ட்டராக இருந்த இக்வோடாலாவை பெஞ்சுக்கு அனுப்பி, ஹாரிசன் பார்ன்ஸை ஸ்டார்ட்டராக்கினார். பெஞ்சில் உட்காருவது அவமானம் இல்லை என்று சொல்ல இவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஃபைனல்ஸில் 2-1 என்று பின்தங்கியபோது சென்டர் போகட்டை உட்கார வைத்து அதே இக்வோடாலாவை ஸ்டார்ட் பண்ணினார். யோசனை நிக் யூரென் என்ற இளம் உதவியாளருடையது. அடுத்த மூன்று ஆட்டமும் ஜெயம், ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) இக்வோடாலாவுக்கு.

பிவட் கால்:
ஸ்ப்ளிட்டுக்கு நான். இதில் மூன்று பேருக்கு வேலை, மற்ற இரண்டு பேருக்கு ஒதுங்கி நிற்கும் வேலை. உங்கள் டீமில் கெட்டுப்போவது இந்த இரண்டாவதுதான். பந்து இல்லாத எதிர்ப்பக்கம் ஒருவர் கார்னரில் (மூலையில்), ஒருவர் விங்கில் (பக்கவாட்டில்), இருவருமே த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே. இரண்டு பேருக்கும் நடுவே 4 மீட்டராவது இடைவெளி வேண்டும். தரையில் டேப் ஒட்டி, அதைவிட்டு உள்ளே வந்தால் விசில் அடியுங்கள்.

இப்போது ஆட்டம். போஸ்ட் ஆள் பெயின்ட்டுக்கு (கூடைக்குக் கீழே உள்ள கட்டம்) வெளியே நின்று வாங்குகிறார். கால் உள்ளே இருந்தால் 3 செகண்ட் எண்ணத் தொடங்கிவிடும். வாங்கிய பந்து தாடைக்கருகில், முழங்கை விரித்து. இடுப்புக்கு இறக்கினால் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விங்கிலிருந்து பாஸ் கொடுத்தவர் நின்று வேடிக்கை பார்க்காமல், டாப்பில் (கூடைக்கு நேரெதிரே, கோட்டுக்கு வெளியே) இருப்பவருக்கு உடனே ஸ்கிரீன் வைக்கப் போகிறார். அதற்குப் பிறகு மனப்பாடம் உதவாது, டிஃபென்டரைப் பார்க்க வேண்டும்.

டிஃபென்டர் முதுகுக்குப் பின்னால் துரத்தி வந்தால், ஸ்கிரீனைச் சுற்றிக் கூடைக்கு வளையுங்கள். ஸ்கிரீனுக்கு அடியில் புகுந்து வந்தால், வெளியே நின்று த்ரீ. இரண்டு டிஃபென்டரும் ஷூட்டர் பின்னால் போனால், ஸ்கிரீன் வைத்தவர் கூடைக்குப் போகட்டும், லேஅப் சும்மா கிடக்கும். ஸ்விட்ச் செய்கிறார்கள் (டிஃபென்டர்கள் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள்) என்று தெரிந்தால், உடம்பு படுவதற்கு முன்பே நழுவி உள்ளே வெட்ட வேண்டும். போஸ்ட் ஆளின் கண் முதலில் கூடைக்கு வெட்டுபவர் மேல், பிறகுதான் வெளியே நிற்பவர் மேல்.

வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. ஸ்கிரீன் வைப்பவர் நிற்காமல் நகர்ந்துகொண்டே இடிப்பது, அது தாக்கும் டீம் மேல் ஃபவுல். இன்னொன்று, போஸ்ட் ஆள் பந்தைப் பிடிப்பதற்கு முன்பே ஓடிவிடுவது. பந்து வந்து சேரும்போது கட் முடிந்துபோயிருக்கும்.

பயிற்சியில் முதலில் டிஃபென்டரே இல்லாமல் மூன்று பேர். பிறகு மூன்றுக்கு மூன்று, ஆனால் டிஃபென்டர்கள் ஒரே மாதிரிதான் காக்க வேண்டும்: முதலில் துரத்தல் மட்டும், அடுத்து ஸ்விட்ச் மட்டும். கடைசியில்தான் ஐந்துக்கு ஐந்து. நேராக ஐந்துக்குப் போனதால்தான் குவிகிறார்கள்.

ஒன்று கவனியுங்கள். வாரியர்ஸில் ஸ்கிரீன் வைப்பது பல சமயம் கரியேதான். அவரை விட்டு நகர அவருடைய டிஃபென்டருக்குப் பயம், உதவிக்கு வரமாட்டார், அதனால் மற்றவருக்குக் கூடை திறக்கும். உங்கள் டீமிலும் சிறந்த ஷூட்டரை ஸ்கிரீன் வைக்கச் சொல்லுங்கள்.

கோடு தாண்டாதவன்:
ஆறாவது ஆள் சொன்னதில் ஒரு பக்கம் விட்டுப்போச்சு. கெர் வரும்போது அது செத்த டீம் இல்லை. கரி, க்ளே, டிரேமண்ட் மூன்று பேரும் முந்தைய கோச் மார்க் ஜாக்சன் கீழே வளர்ந்தவர்கள், தடுப்பாட்டமும் அவர் காலத்திலேயே லீகின் முதல் ஐந்துக்குள். கரி கட்சிக்கும் ஆதாரம் உண்டு: 2019-20-இல் க்ளே காயம், கரிக்குக் கை முறிவு, இன்னொரு நட்சத்திரம் டுரான்ட் வேறு டீமுக்குப் போயாச்சு. 15 வெற்றி, 50 தோல்வி. கோச் அதே கெர்தான்.

மறுபக்கமும் பாருங்கள். 2015-16-இல் முதுகு ஆபரேஷன் சிக்கலாகி கெர் வரமுடியாமல் இருந்தபோது, லூக் வால்டன் நடத்தி 39 வெற்றி, 4 தோல்வி. ஆளே இல்லாமல் ஓடியதைக் குறையாகச் சொல்கிறார்கள். என் கணக்கில் அதுதான் கட்டிவைத்தவருக்குப் பெருமை.

இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு, டர்ன்ஓவர். பாஸ் கூடினால் நழுவுவதும் கூடும். 2015-16-இல் மொத்தம் 73 வெற்றி வந்தது, அதே சீசனின் ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டக் கடைசியில் கரி முதுகுக்குப் பின்னால் போட்ட பாஸ் யார் கையிலும் படாமல் வெளியே போனது. நேராக மார்புக்குப் போட்டிருந்தால் போதும். கல்லூரிப் பசங்களுக்கு முதுகுப் பாஸ் தடை போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெளிக்கோடு:
நன்றி நண்பர்களே. டேப் யோசனை நாளைக்கே. எதிரணி ஜோன் போட்டால் (ஆளைக் காக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காத்தால்) இந்த ஸ்ப்ளிட் ஓடுமா?

பிவட் கால்:
அப்படியே ஓடாது. ஜோனில் ஆளைத் துரத்துவதில்லை, அதனால் ஸ்கிரீனுக்குப் பின்னால் யாரும் சிக்கமாட்டார்கள். 2-3 ஜோன் (முன்னே இருவர், பின்னே மூவர்) என்றால் போஸ்ட் ஆளை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஏற்றுங்கள், பந்து அங்கே வந்ததும் நடு டிஃபென்டர் முன்னே வருவார். அவர் விட்டுவந்த இடத்துக்கு ஒருவர் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) வழியாக வெட்டட்டும். கார்னர் ஆள் மட்டும் டேப்பைவிட்டு நகரக் கூடாது.