பிரபுக்கள் சபையில் 'ப்ராக்ஸி': தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை வரலாற்றுப் பாடநூல் ஒன்றில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பற்றிய இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும். ஆன் அரசியார் காலத்தில், அதாவது 1702 முதல் 1714 வரை, அந்த நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை ஒரு சாதாரண நாளில் என்ன செய்தது என்பதுதான் இயல். சபையின் நடவடிக்கைக் குறிப்பேட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே எடுத்துக் காட்டுகிறார்கள். மேலே லத்தீனில் தேதி, கீழே வந்திருந்த ஆயர்கள், பிரபுக்கள் பெயர்ப் பட்டியல், பிறகு வழிபாடு. அப்புறம் யாரோ ஒரு குடும்பத்தின் நிலத்தை விற்க அனுமதிக்கும் தனியார் மசோதாவுக்கு முதல் வாசிப்பு, ஒரு வெளிநாட்டவருக்குக் குடியுரிமை கொடுக்கும் மசோதாவுக்கு இரண்டாம் வாசிப்பு, கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீட்டில் வழக்கறிஞர் வாதம். கடைசியில் மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கூடுவதாக மறுபடியும் லத்தீனில் ஒரு வரி.

இதெல்லாம் ஓடிவிட்டது. 'ப்ராக்ஸி' வந்ததும் நின்றுவிட்டேன். ஊரில் இல்லாத பிரபு கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஒரு பத்திரத்தை இன்னொரு பிரபுவிடம் கொடுத்துவிடுவார். வாக்கெடுப்பில் வந்தவர்களை எண்ணிய பிறகு, யாராவது கேட்டால், இந்த வாக்குகளையும் எண்ணுவார்கள். மூலத்தில் அந்தப் பத்திரமும் ப்ராக்ஸிதான், அந்த வாக்கும் ப்ராக்ஸிதான். சில இடங்களில் அதை வைத்திருக்கும் ஆளையும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். எழுத்தர் இவற்றைப் பதியும் ஏடு ஒன்றும் இருக்கிறது. ஒரே வேரிலிருந்து நான்கு சொல் எனக்கு வேண்டும்.

ஒலிபெயர்த்துப் போடலாமே என்பீர்கள். வகுப்பில் ப்ராக்ஸி என்றால் வராத நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொல்வது. பிரபுக்கள் திருட்டு வருகை போட்டார்கள் என்றுதான் மாணவர்கள் படிப்பார்கள்.

வி., மதுரை

* * *

வணக்கம் அம்மா.

'பதிலி' என்று உடனே பத்துப் பேர் எழுதுவார்கள், அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதில் தமிழ்ச் சொல் அன்று. 'பதல்' என்னும் அரபுச் சொல் இந்துஸ்தானி வழியாக வந்து நம்மிடம் பதில் ஆயிற்று. பாடநூலில் ஒரு தலைமுறைக்குக் கற்பிக்கப் போகும் சொல்லை அயல்வேரில் ஊன்றுவானேன்?

நம்மிடம் 'பகரம்' இருக்கிறது. ஒன்றுக்குப் பகரமாக இன்னொன்று என்று இன்றும் எழுதுகிறோம். பகர்தல் என்றால் சொல்லுதல் மட்டும் அன்று, விலை கூறி விற்றலுமாம். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் 'பகர்வனர் திரிதரு நகர வீதியும்' என வருவதை எல்லோரும் படித்திருப்போம். விற்றல் என்பது ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுதல். அதிலிருந்து மாற்று, மாற்றிலிருந்து ஒன்றன் இடத்தில் நிற்பது. ஆகவே ஆள் பகராள், வாக்கு பகரவாக்கு, பத்திரம் பகரமுறி, ஏடு பகரவேடு. நான்கும் ஒரே வேர். 'முறி' பத்திரத்துக்குப் பழந்தமிழ்ச் சொல் என்பதை இந்தக் குழுவில் நான் விளக்க வேண்டியதில்லை.

புலவர், தஞ்சை

* * *

ஐயா, மன்னிக்க வேண்டும், நீங்கள் காட்டிய வேரேதான் பயமாக இருக்கிறது. பகர்தல் விற்பது என்றால் பகரவாக்கு விற்ற வாக்கு ஆகாதா? வாக்குக்குப் பணம் என்பதை நாளிதழில் தினமும் படிக்கும் பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, பகரம் என்றால் என் வகுப்பில் முதலில் நினைவுக்கு வருவது 'ப' என்ற எழுத்துதான். அகரம், ககரம், பகரம் என்று கரச்சாரியை படித்துவிட்டு வந்தவர்கள்.

ஆசிரியை, திருநெல்வேலி

* * *

வணக்கம். இலங்கையில் இதற்குச் சொல் இருக்கிறது, புதிதாக ஆக்கத் தேவையில்லை. கம்பனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தலோடு 'பதிலாள் படிவம்' வரும். பங்குதாரர் வரமுடியாவிட்டால் தன் பதிலாளை நியமித்து அனுப்புவார். பாராளுமன்றச் சொற்களிலும் நாங்கள் கொஞ்சம் வேறு மாதிரித்தான். நீங்கள் மசோதா என்பது எங்களுக்குச் சட்டமூலம். ஆனால் பதிலாள் இரண்டு கரையிலும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

பதில் அரபு என்பதால் தள்ளுவதென்றால் நகல், வக்கீல், ஜாமீன் எல்லாவற்றையும் தள்ளவேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றம் ஒருநாள் ஓடாது.

யாழ்ப்பாணம்

* * *

நீதிமன்றம் ஓடுகிறதா என்பதை நான் சொல்கிறேன், அங்கேதான் இருக்கிறேன்.

பதிலாள் என்பதில் எனக்கு ஒரு சட்டச் சிக்கல். பதிலாள் என்றால் இவருக்குப் பதில் அவர், அதாவது ஒருவர் போய் ஒருவர் வருவது. பிரபுக்கள் சபையில் நடந்தது அது இல்லை. பத்திரம் வாங்கியவர் ஏற்கெனவே அந்தச் சபையின் உறுப்பினர், அவருக்குத் தன் வாக்கு தனியாக இருக்கிறது, அதன் மேல் இன்னொருவருடைய வாக்கையும் அவர் கையில் வைத்திருக்கிறார். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு 1626 சாட்சி. பக்கிங்ஹாம் கோமகன் ஒருவரே பத்துக்கு மேல் வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் ஒரு பிரபு இரண்டுக்கு மேல் வாங்கக்கூடாது, ஆயர் ஆயரிடமும் மற்றப் பிரபு மற்றப் பிரபுவிடமும்தான் கொடுக்கலாம் என்று சபை விதி செய்தது. ஆன் அரசியார் காலத்தில் அந்த விதிதான். வழக்கு விசாரணையில் இந்த வாக்கு செல்லாது, ஏனென்றால் வாதத்தைக் காதால் கேட்காதவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. கொடுத்தவர் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டால் பத்திரம் ரத்து.

ஆக இது ஆளை மாற்றுவது இல்லை, அதிகாரத்தை ஒப்படைப்பது. பத்திர அலுவலகத்தில் 'பவர் கொடுத்திருக்கார்' என்கிறோமே, அதற்குத்தான் நெருக்கம். 'வாக்கு அதிகாரம்', 'வாக்கு அதிகாரப் பத்திரம்' என்று சொன்னால் கிராமத்திலிருந்து வரும் மாணவனுக்கும் புரியும், ஏனென்றால் நிலம் விற்ற வீட்டில் எல்லாம் பவர் பத்திரம் தெரியும்.

கோவை

* * *

அண்ணா, வாக்கு அதிகாரம் என்றால் ஓட்டுரிமை என்று ஆகிவிடுகிறது. 'பிரபு தன் வாக்கு அதிகாரத்தைக் கொடுத்தார்' என்ற வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன், அவர் உரிமையையே துறந்த மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன சட்ட வேறுபாட்டை அப்படியே அடிக்குறிப்பில் போடுகிறேன், மூலத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தலைவலியையும் வைக்கிறேன். குறிப்பேட்டில் அடிக்கடி வரும் வரி, அவை 'விருப்பம் உள்ளவரை' ஒத்திவைக்கப்பட்டது என்பது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தலைமை வகிக்கும் சான்சலர் தன் இருக்கையான கம்பளி மெத்தையிலிருந்து எழுந்துவிடுவார், மேசையருகே வேறொரு பிரபு தலைமை ஏற்பார், அதே ஆட்கள் அதே அறையில் 'முழு அவைக் குழு'வாக மாறி மசோதாவைப் பிரிவு பிரிவாகப் பார்ப்பார்கள். முடிந்ததும் சான்சலர் திரும்ப வந்து உட்கார, 'அவை மீண்டும் தொடங்கியது' என்று வரும். குழுவாக இருக்கும்போது ப்ராக்ஸி எண்ணப்படாது. அதனால் குழுவில் தோற்ற கட்சி அவை மீண்டபின் ஜெயிக்கலாம். இந்த முடிச்சு புரிய இரண்டு சொல்லும் சரியாக அமைய வேண்டும்.

வி.

* * *

'ஒத்திவைப்பு' கூடவே கூடாது. இங்கே சட்டமன்றம் ஒத்திவைப்பு என்றால் அமளி, எல்லோரும் வெளியே என்று பொருள். 'அவை இடைநின்றது, அவை மீண்டது' என்று போடுங்கள், அழகாகவும் இருக்கிறது.

ஆசிரியை, திருநெல்வேலி

* * *

அவை இடைநின்றது நல்ல தமிழ். ஏற்கிறேன்.

ப்ராக்ஸிக்கு வருவோம். வழக்கறிஞர் தம்பி சொன்னது என் கண்ணைத் திறந்தது. ஒப்படைப்பு என்றாரே, அதற்குக் கம்பன் சொல் வைத்திருக்கிறான். பாலகாண்டத்தில் தயரதன் இராமனை விசுவாமித்திரன் கையில் ஒப்புவிக்கும் படலத்துக்குப் பெயர் கையடைப் படலம். கையடை என்றால் நம்பி ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவனுக்கே அது உரியது, கேட்டால் திரும்பும், வைத்திருப்பவன் தன் பொருள் என்று சொல்ல முடியாது. பிரபு திரும்பி வந்தால் வாக்கும் திரும்புகிறது என்கிறீர்களே, இதைவிட எப்படிப் பொருந்தும்? சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலம் கொடுத்தாரே, அந்த அடைக்கலத்திலும் இந்த 'அடை'தான் இருக்கிறது. அடை, அடைவு, அடைமானம், அடைக்கலம், கையடை என்று ஒரு குடும்பமே ஒப்புவிப்பைச் சுற்றி நிற்கிறது. வாக்குக் கையடை, கையடைமுறி, கையடையேடு, கையடையாளர். பகரத்தை நானே கைவிடுகிறேன்.

புலவர், தஞ்சை

* * *

ஐயா, சொல் அருமையாக இருக்கிறது, படித்ததும் சிலிர்த்தது. ஆனால் 'கையடையாளர்' என்பதை வேகமாகப் படித்தால் 'கை அடையாளர்' என்று பிரிகிறது. கைநாட்டு வைப்பவர் என்று நினைப்பார்கள். அடைமானத்தை வேறு நீங்களே பக்கத்தில் வைத்துவிட்டீர்கள், இனி வாக்கை அடகு வைத்தார் என்றும் படிப்பார்கள்.

கோவை

* * *

கையடையாளர் வேண்டாம் என்றால் 'கையடை பெற்றவர்' என்று எழுதலாமே. ஒரு சிரமத்துக்காகக் கம்பனை விடுவதா? புரியாது புரியாது என்கிறீர்கள். நாடாளுமன்றம், குடியரசு என்ற சொற்கள் எழுதிய அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்தனவா? பாடநூலில் போட்டால்தான் புரியும். போடாமலே புரியாது என்றால் எந்தச் சொல்லும் பிறக்காது.

புலவர், தஞ்சை

* * *

ஐயா சொல்வது கொள்கை அளவில் சரி. ஆனால் வி. அவர்களுக்குச் சொல் 1700களுக்கு மட்டுமா, எல்லா ப்ராக்ஸிக்குமா? 1707இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இணைந்த பிறகு ஸ்கொட்லாந்துப் பிரபுக்கள் எல்லோரும் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகவில்லை. தங்களுக்குள் 16 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அந்தத் தேர்தல் எடின்பரோவில் நடந்தது, அங்கேயும் வரமுடியாத பிரபு இன்னொருவர் மூலம் வாக்களிக்கலாம். அப்படித் தெரிவாகிப் போன 16 பேரில் ஒருவர் லண்டனில் தன் வாக்கை இன்னொருவரிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தால், அந்த இன்னொருவர் பிரதிநிதியின் பதிலாள். பிரதிநிதி, பதிலாள் என்ற இரண்டும் வேறு வேறாகத் தெரியவேண்டிய இடம் அது. பதிலாள் என்றால் தெரிகிறது. கையடை என்றால் வாசகர் அகராதி தேடுவார்.

யாழ்ப்பாணம்

* * *

அந்த 16 பேர் என் இயலில் இருக்கிறார்கள், நல்லவேளை சொன்னீர்கள். 1712 ஜனவரியும் இருக்கிறது. ஸ்பெயின் வாரிசுரிமைப் போரை முடிக்கும் விஷயத்தில் அரசாங்கத்துக்கு மேலவையில் ஆதரவு போதவில்லை. அரசியார் ஒரே வீச்சில் 12 பேரைப் பிரபுக்களாக்கி உள்ளே அனுப்பினார். அவர்கள் அறிமுகமானபோது எதிர்க்கட்சியைச் சேர்ந்த வார்ட்டன், நீங்கள் தனித்தனியாக வாக்களிப்பீர்களா, உங்கள் ஜூரித் தலைவர் வழியாகவா என்று கேட்டதாகச் சொல்வார்கள். 12 ஜூரிகளின் எண்ணிக்கை இல்லையா? 'ஒருவர் பலருக்காக வாக்களிப்பது' என்ற எண்ணம் அந்த அறையில் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது மாணவருக்குத் தெரிந்தால்தான் அந்தக் கேள்வியின் கூர்மை பிடிபடும். என் சொல் அந்தப் பத்தியைத் தாங்கவேண்டும்.

நேற்று இரவு அந்தப் பத்தியை மூன்று விதமாகவும் எழுதி, கல்லூரி படிக்கும் என் அக்கா மகளிடம் கொடுத்தேன். பகரவாக்கு என்பதை 'இரகசிய வாக்கா சித்தி?' என்றாள். கையடையைக் கண்டதும் நின்று யோசித்தாள், கம்பன் கதையைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள், ஆனால் சொல்லவேண்டியிருந்தது. பதிலாள் வாக்கு என்பதைக் கேள்வி கேட்காமல் படித்துக்கொண்டு போனாள்.

வி.

* * *

அப்போது முடிந்தது. பதிலாள் வாக்கு, பதிலாள் பத்திரம், பதிலாள் ஏடு. பத்திரம் வைத்திருப்பவர் பதிலாள். நான் சொன்ன சட்ட வேறுபாடு அடிக்குறிப்பில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கோவை

* * *

நானும் அதுவே. ஆனால் ஒரு முறையாவது கையடை என்ற சொல்லை அடைப்புக்குள் போட்டுவிடுங்கள், என் வகுப்பில் கம்பன் கதையோடு சேர்த்து நடத்துவேன்.

ஆசிரியை, திருநெல்வேலி

* * *

பெரும்பான்மை இருக்கட்டும். நான் உடன்படவில்லை. பிரபுக்கள் சபையில் தோற்ற பக்கத்தவர் தம் மறுப்பைக் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடலாம் என்று அந்த இயலிலேயே இருக்குமே. என் காரணமும் இந்த மடற்குழுவில் இருக்கட்டும். பதிலாள் ஆளைக் காட்டுகிறது, நம்பி ஒப்படைத்ததைக் காட்டவில்லை. ப்ராக்ஸியின் உயிர் அந்த ஒப்படைப்பில் இருக்கிறது. சொல்லை எளிதாக்கும்போது அதைத்தான் விட்டிருக்கிறோம்.

புலவர், தஞ்சை

* * *

ஐயா, உங்கள் மடலை அப்படியே சேமித்துவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் 'பதிலாள் வாக்கு (வாக்குக் கையடை)' என்று போட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன். அடுத்த பதிப்புக்கு நேரம் இருக்கும், அப்போது மறுபடி கேட்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த எழுத்து மறுப்புக்கு நான் 'மறுப்புரை' என்று போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அண்ணா அது மறுமொழி மாதிரி இருக்கிறது என்று தனிமடலில் எழுதியிருக்கிறார். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

வி., மதுரை