மறுமொழி: கம்பத்தில் சுண்டெலி – ஏறுவதா, இறங்குவதா?

அண்ணாச்சி, வணக்கம். சுண்டெலியின் அசைவை அளக்கும் ‘போல் டெஸ்ட்’ (pole test) என்ற ஆய்வகச் சோதனைக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்று நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘வழுக்குமரச் சோதனை’ என்று வைப்போம். பொங்கல் விளையாட்டு பார்த்த எவருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வழுக்குமரத்தில் எண்ணெய் பூசி ஏறவிடாமல் செய்கிறோம். இங்கே சுமார் 50 சென்டிமீட்டர் உயரமுள்ள மெல்லிய கம்பு. நகம் பிடிக்கட்டும் என்றே அதைச் சொரசொரப்பாக்குகிறார்கள். சுண்டெலி ஏறுவதும் இல்லை. தலை மேலே பார்க்க, ஆய்வாளரே உச்சியில் வைத்துவிடுவார். அது உடம்பைத் திருப்பி, தலைகீழாகத் தரைக்கு வர வேண்டும். திரும்ப எவ்வளவு நேரம், தரை சேர எவ்வளவு நேரம் என்று இரண்டு கணக்கு.

1985-இல் ஜப்பானில் ஒகாவா குழுவினர் எம்.பி.டி.பி. கொடுத்த சுண்டெலிகளின் அசைவு மந்தத்தை இப்படித்தான் அளந்தார்கள். அந்த நச்சு, அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களை அழிப்பது. (எலி என்று பொதுவாக எழுதாதீர்கள். பெரிய எலிகள் இந்த நச்சை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.)

> அப்படியானால் ‘பனையிறக்கம்’? நம்ம ஊர்ச் சொல்.

ஆசையாகத்தான் இருக்கிறது. தக்கலைப் பக்கம் என் தாத்தா பனையேறியவர்தான். ஆனால் பனையேறி தளைநாரோடு கால் முதலில் இறங்குவார், தலை மேலேதான் இருக்கும். நடுமரத்தில் திரும்பினால் கதை முடிந்தது! இந்தச் சோதனைக்கோ அந்தத் திருப்பம்தான் உயிர்.

தலைகீழாக இறங்குவது தென்னையில் அணில். ‘அணிலிறக்கம்’ என்று நானும் ஒரு நாள் எழுதிவைத்தேன். “அணிலுக்கா ஊசி போட்டாங்க?” என்று மகள் கேட்டாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

என் பரிந்துரை: கம்பிறங்கு சோதனை. அளவுகள்: திரும்பு நேரம், தரைசேர் நேரம். நோயுற்ற சுண்டெலி சில வேளை திரும்பாமலே பக்கவாட்டில் சறுக்கி வந்துவிடும். அப்போது முன்பே வைத்த ஒரு மேல்வரம்பையே திரும்பு நேரமாகக் குறிப்பது வழக்கம். அதற்குக் ‘கெடு நேரம்’ போதும் என்று நினைக்கிறேன்.

– நாகர்கோவிலிலிருந்து

---

தம்பி,

‘கம்பிறங்கு’ என்று பார்த்ததும் எனக்குக் கம்பிதான் தெரிந்தது. இரண்டாம் தடவை வாசித்த பிறகே கம்பு வந்தது. ‘கம்பமிறங்கு’ என்றால் தகராறு இல்லை. வழுக்குமரத்தை விட்டுவிட்டேன். கெடு நேரம் நல்ல சொல், அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், ரோட்டராடு (rotarod) என்ற இன்னொரு சோதனைக் கருவிக்கு ‘சுழல்தண்டு’ என்று பட்டியலில் கிடக்கிறது. தண்டு சுழல்வது சரி, அதன்மேல் விழாமல் ஓட வேண்டியது சுண்டெலி அல்லவா? அது சொல்லில் எங்கே?