ஸ்பிட்ஃபயர் தகடு: எந்த விமானத்துடையது, எப்படிச் சுத்தம் செய்வது?

சிலேத்தார்_கொக்கு கேட்டது:

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் தகடு ஒன்று என்னிடம் இருக்கிறது. சுமார் 60 செ.மீ. நீளமுள்ள அலுமினியத் தகடு, உட்புறம் இரண்டு ரிப் (தாங்கும் விலாச்சட்டம்). ரிப்களில் 300 என்று தொடங்கும் முத்திரை எண்கள், ஒரு பிராக்கெட்டில் மட்டும் 379. ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி, போல்ட்டுகள் இறுகிவிட்டன. கூடவே ஒரு கேஜ் (விமானி பார்க்கும் அளவுமானி). அதன் முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய பூச்சு. எந்த ஸ்குவாட்ரனுடையது (விமானப் படைப்பிரிவு) என்று கண்டுபிடிக்க வழி உண்டா? பாலிஷ் போடலாமா?

ரிவெட்_சுத்தியல்:

முதல் வேலை அந்த கேஜ். பூச்சு ரேடியமாக இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்றாலும் நம்பாதீர்கள்; ஒளி மங்குவது அதோடு கலந்த துத்தநாக சல்பைடு கெட்டுப்போவதால்தான், ரேடியம் தீர்ந்ததால் அல்ல. ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு மூடி, ஆள் புழங்காத இடத்தில் வைத்துவிட்டு, சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேளுங்கள்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். தகடு ஆல்க்ளாட் என்றால் மேலே இருப்பது மெல்லிய தூய அலுமினியப் படலம். தேய்த்தால் அது போய், செம்பு கலந்த உள்உலோகம் வெளியே வரும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் சீக்கிரமே அரிக்கத் தொடங்கும். ஸ்டீல் உல்லும் கூடாது. அதன் இரும்புத் துகள் தகட்டில் புதைந்து புதிய அரிப்புக்கு வித்திடும்.

அந்த வெள்ளைப் பொடிக்கடியில் குளோரைடு உப்பு இருந்தால், அதை எடுக்காமல் பூசும் எதுவும் நிலைக்காது. மென்மையான நைலான் பிரஷால் மண்ணை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரில் ஊற வையுங்கள். ஊற வைக்குமுன் எஃகு போல்ட்டுகளையும் மக்னீசிய வார்ப்புகளையும் கழற்றுங்கள், இல்லையேல் தண்ணீரே அவற்றைத் தின்றுவிடும். நீரை மாற்றும்போதெல்லாம் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டுப் பாருங்கள். பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் வருகிறது. குழாய்நீரிலேயே குளோரைடு இருப்பதால் அதை வைத்து இந்தச் சோதனை செய்ய முடியாது. pH 4க்கும் 8.5க்கும் இடையே இருக்கட்டும். காஸ்டிக் கலந்த சமையலறை டிகிரீசர் அலுமினியத்தையே கரைக்கும்.

போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெயும் பொறுமையும் போதும். புளோடார்ச் பிடித்தால் டூராலுமினின் (செம்பு கலந்த அந்த அலுமினியக் கலவையின்) வலிமை போய்விடும். போல்ட்டுகள் பிஏ எனும் பழைய பிரிட்டிஷ் மரையாக இருக்கலாம். 0பிஏவும் எம்6ம் இரண்டுமே 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி), அதனால் ஜாலான் புசாரில் வாங்கிய எம்6 நட்டு ஏறும். ஆனால் பிஏவின் மரைக்கோணம் 47.5 பாகை, மெட்ரிக்கில் 60; பிடிப்பு சரியாக இராது, முறுக்கினால் மரை போகும்.

கோப்பு_எலி:

எண்ணைப் பற்றி நான் சொல்கிறேன். 300 என்றதும் மார்க் 1 (ஸ்பிட்ஃபயரின் முதல் வகை) என்று முடிவு கட்டாதீர்கள். அதுதான் பலரும் விழும் குழி. அது வரைபடத்தின் எண். மாற்றமில்லாத பாகங்கள் பிந்திய மார்க்குகளிலும் அதே எண்ணைச் சுமந்தன. 349 மார்க் 5, 361 மார்க் 9, 379 மார்க் 14, 390 பிஆர் 19 (புகைப்பட உளவு வகை). தகட்டிலுள்ள எண்களில் ஆகப் பிந்தியதே கணக்கு. உங்கள் 379 கிரிஃபன் எஞ்சின் தலைமுறையைக் காட்டுகிறது. மார்க் 18ம் அந்த வழிவந்ததே, ஆகவே தெங்கா விமானத் தளத்திலிருந்த 60வது ஸ்குவாட்ரனையும் சேர்த்துப் பாருங்கள். சிலேத்தாரின் 81வது ஸ்குவாட்ரனின் பிஆர் 19தான் 1954 ஏப்ரல் 1 அன்று ஆர்ஏஎஃப் (பிரிட்டிஷ் அரச விமானப்படை) ஸ்பிட்ஃபயரின் கடைசி நடவடிக்கைப் பறப்பைச் செய்தது.

ஆனால் தகட்டை வைத்து ஒரே விமானத்தைச் சுட்டுவது கடினம். பட்டறைகளில் இறக்கைகளும் மூடிகளும் விமானம் விட்டு விமானம் மாறின. கழற்றும் மூடிகளின் உட்புறத்தில் சில சமயம் விமானத்தின் சீரியல் எழுதப்பட்டிருக்கும். கழுவுமுன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள்.

சீரியல் கிடைத்தால் லண்டன் ஆர்ஏஎஃப் அருங்காட்சியகத்தின் ஃபார்ம் 78 அட்டை (விமானம் எங்கெங்கே அனுப்பப்பட்டது என்ற பதிவு), விபத்து என்றால் ஃபார்ம் 1180. தூரகிழக்கு விமானங்களின் அட்டையில் பெரும்பாலும் கட்டளையகத்தின் பெயர் மட்டும்தான், ஸ்குவாட்ரன் இராது. அதற்கு லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏஐஆர் 27 தொகுப்பு. அதில் ஃபார்ம் 541 நாள்வாரியாக எந்த சீரியல் பறந்தது என்று சொல்லும், ஃபார்ம் 540 நிகழ்ச்சிக் குறிப்பு. அட்டையில் விமானம் கணக்கிலிருந்து நீக்கம் பெற்ற தேதியை மட்டும் நம்பாதீர்கள். விழுந்து பல மாதம் கழித்து அலுவலகத்தில் பதிந்த தேதியாகவும் இருக்கலாம். 541இல் அந்த சீரியல் கடைசியாக வரும் நாளோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

சிலேத்தார்_கொக்கு:

நன்றி அண்ணே. உட்புறம் மஞ்சள்பச்சைப் பெயின்ட் மிச்சமிருக்கிறது. சுரண்டி எடுக்கவா?

ரிவெட்_சுத்தியல்:

எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் சிங்க் குரோமேட். தூள் நுரையீரலுக்கு ஆபத்து, வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் உலர்தேய்ப்பு கூடவே கூடாது. தகட்டின் வரலாறும் அந்தப் பெயின்ட்டில்தான் இருக்கிறது. நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் ஈரப்பதம் 40% அளவில் வையுங்கள்.