மறு: ‘ராயல்டி ஃப்ரீ’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

> இணையத்தில் படம் விற்கத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். படத்தை ஏற்றினால் ‘ராயல்டி ஃப்ரீ’ என்று போட்டு விற்பார்களாம். அப்படியென்றால் எனக்குக் காசு வராதா? இதற்குத் தமிழில் தெளிவான சொல் இருக்கிறதா?

> ‘உரிமத்தொகையற்ற படம்’ போதுமே.

> ‘கட்டணமில்லாப் படம்’ என்றால் எல்லோருக்கும் எளிதில் புரியும்.

நம் சொல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தம்பியின் கேள்வியே அளவுகோல். படம் எடுத்தவர் படித்தால் கூலி போய்விடுமோ என்று பயப்படக் கூடாது. வாங்குகிறவர் படித்தால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. இதுவரை வந்த இரண்டு சொற்களுமே இந்த இடத்தில் சறுக்குகின்றன.

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ட்ரீம்ஸ்டைம் போன்ற தளங்களில் நடப்பது இதுதான். நாம் படத்தை ஏற்றுகிறோம். அவர்கள் சரிபார்த்து, தேறினால் விற்பனைக்கு வைக்கிறார்கள். வாங்குகிறவர் வாங்குவது படத்தை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை. இன்றைக்குத் துண்டறிக்கையில் போடலாம், அடுத்த மாதம் இணையதளத்தில் போடலாம், அடுத்த வருடம் சுவரொட்டியிலும் போடலாம். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ‘ஃப்ரீ’ என்பது இப்படித் தடவைக்குத் தடவை கட்டும் பணத்திலிருந்து மட்டும்தான். பதிப்புரிமை படம் எடுத்தவரிடமே இருக்கும். அதே படத்தை நாளைக்கே இன்னொருவரும் வாங்கலாம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஒவ்வொரு விற்பனையிலும் நமக்கு வரும் பங்குக்கும் ராயல்டி என்றுதான் பெயர். அடோபி ஸ்டாக்கில் புகைப்படத்துக்கு அது 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனிலிருந்து 15 முதல் 40 சதவீதம் வரை படிப்படியாக ஏறும், ஜனவரி பிறந்ததும் எல்லோரும் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, ‘உரிமத்தொகையற்ற’ படத்தை விற்று உரிமத்தொகை வாங்குகிறோம் என்று எழுத வேண்டி வரும். புதிதாக வருகிறவர் இதைப் படித்தால் தலையும் புரியாது, காலும் புரியாது.

‘கட்டணமில்லா’ என்பது இதைவிட ஆபத்து. சிவகாசி அச்சுத்தொழிலில் வடிவமைப்பாளனாக இருக்கிறேன். கூகுளில் தேடி எடுத்த படத்தைக் கொண்டுவந்து, “ராயல்டி ஃப்ரீன்னுதான் சார் போட்டிருக்கு” என்று அட்டையில் வைக்கச் சொல்கிறவர்கள் இங்கே நிறைய. அது விலை கொடுத்து வாங்க வேண்டிய படம் என்று சொன்னால் நம்புவதில்லை. வாங்கிய பிறகும் வரம்பு உண்டு. ஷட்டர்ஸ்டாக், அடோபி இரண்டிலும் சாதாரண உரிமத்தில் 5,00,000 பிரதிகள் வரைதான் அச்சிடலாம். டி-சர்ட், குவளை, விற்பனைக்கான நாட்காட்டி போல, படத்துக்காகவே வாங்கப்படும் பொருள் என்றால் கூடுதல் விலையுள்ள உரிமம் வேண்டும். நம் தமிழ்ச்சொல்லே இலவசம் என்று சொல்லிவிட்டால், அடுத்தவர் உழைப்பை எடுக்க நாமே வழிகாட்டியதாக ஆகிவிடும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

இதற்கு எதிரிணையான ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் சொல் கிடைக்கும் என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் பட நிறுவனங்கள் எத்தனை பிரதி, எந்த நாடு, எவ்வளவு காலம், அட்டையா உள்பக்கமா என்று கேட்டுத்தான் விலை சொல்லும். அதுதான் ‘ரைட்ஸ் மேனேஜ்டு’. 2000-இல் கனடாவின் கால்கரியில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ, முதலில் படங்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் தளமாக இருந்து, பிறகு மிகக் குறைந்த விலைக்கு விற்க ஆரம்பித்தது. 2006-இல் பெரிய பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தக் குறைந்த விலைச் சந்தைதான் நம் தம்பி போன்றவர்களுக்கும் கதவைத் திறந்தது.

என் பரிந்துரை: ராயல்டி ஃப்ரீ என்பதற்கு ‘ஒருமுறைக் கட்டண உரிமம்’, ரைட்ஸ் மேனேஜ்டு என்பதற்குக் ‘குறிபயன் உரிமம்’, அதாவது பயன் இன்னது என்று குறித்துக் கொடுக்கும் உரிமம்.

‘மாடல் ரிலீஸ்’, அதாவது படத்தில் இருப்பவர் கையெழுத்திட்டுத் தரும் சம்மதம், அதைப் பற்றியும் பேசிவிடலாம். ‘மாடல் விடுவிப்பு’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மாடல் என்றதும் விளம்பர அழகி நினைவுக்கு வந்துவிடுகிறார். தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர், காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா என்று முகம் அடையாளம் தெரிகிற எவராக இருந்தாலும், படம் விளம்பரத்துக்குப் போக வேண்டுமானால் அவருடைய கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் ‘எடிட்டோரியல்’ பிரிவில், அதாவது செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும்தான் விற்கலாம். ‘உருவ இசைவு’ என்று வைக்கலாமா? கட்டடம், கலைப்பொருள் போன்றவற்றுக்கு ‘உடைமை இசைவு’. ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கத் தடையில்லை. இரவு விளக்கொளி தனிப் படைப்பு என்பதால் வணிகத்துக்கு அனுமதி வேண்டும். ஆளைப் போலவே பொருளுக்கும் இசைவு தேவைப்படும் என்பது இதிலிருந்து புரியும்.

---

வணக்கம் ஐயா.

‘குறிபயன்’ அருமை. இலக்கணத்தோடும் பொருந்துகிறது. ஆனால் ‘ஒருமுறைக் கட்டணம்’ நிற்காது. எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு தளத்தில் மாதச் சந்தா கட்டி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் படங்களை இறக்கிக்கொள்கிறோம். அதுவும் ராயல்டி ஃப்ரீ உரிமம்தான். மாதாமாதம் கட்டுகிற பணத்தை ஒருமுறைக் கட்டணம் என்று எப்படிச் சொல்வது? சந்தாவை நிறுத்தினாலும், இறக்கி உரிமம் பெற்ற படத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அப்படியானால் இந்த உரிமத்தின் இயல்பு கட்டணத்தில் இல்லை, பயனில்தான் இருக்கிறது. நீங்களே எதிரிணைக்குப் பயனை வைத்துத்தான் பெயர் சூட்டியிருக்கிறீர்கள். இதற்கும் அதையே வைத்துப் ‘பல்பயன் உரிமம்’ என்றால் என்ன? ஒன்றில் பயன் குறிக்கப்பட்டது, மற்றதில் பயன் பல. பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கவும் வசதி.

‘உருவ இசைவு’ எனக்குச் சம்மதம். படிவத்தின் தலைப்பில் மட்டும் ‘சம்மதக் கடிதம்’ என்றே இருக்கட்டும். கையெழுத்துப் போடுகிறவர் பள்ளிக்கூடம் போகாதவராகவும் இருக்கலாம் அல்லவா?

---

அம்மா, சந்தாவை வைத்து நீங்கள் கேட்டதற்கு மறுப்பே கிடையாது. ‘பல்பயன் உரிமம்’ என்றே வைத்துக்கொள்வோம். இலவசம் என்ற சாயல் துளியும் இல்லை, படம் எடுத்தவரின் ராயல்டியோடும் மோதவில்லை. ‘பல்பயன் உரிமத்தில் விற்ற படத்துக்கு 33 சதவீதம் ராயல்டி வந்தது’ என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை.

சம்மதக் கடிதமும் சரி. அதில் ஒரு வரியைப் பச்சைத் தமிழில் சேர்க்க வேண்டும்: ‘இந்தப் படத்தை எந்த நாட்டில் யார் வாங்கினாலும், சோப்பு விளம்பரத்திலோ வங்கி விளம்பரத்திலோ உங்கள் முகம் வரலாம்.’ இதை வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர் சரி என்ற பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துக்கு அவர் வீட்டு ஆளே இருந்தால் நல்லது. நிறுவனம் கேட்பது கையெழுத்து மட்டும்தான். விளக்கிச் சொல்வது நம் பொறுப்பு.

தம்பி, உங்களுக்கு: படம் குறைந்தது 4 மெகாபிக்சல் இருக்கட்டும். ஏற்றும் முன் முழு அளவுக்குப் பெரிதாக்கி இருட்டுப் பகுதிகளைப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைப் பலகை, சட்டை, செருப்பு என்று எதிலும் நிறுவனச் சின்னம் தெரியக் கூடாது. குறிச்சொற்களை ஆங்கிலத்தில் கொடுங்கள். அடோபியில் முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம். வாழை இலைச் சாப்பாட்டுப் படம் என்றால் இலை, சோறு, சாம்பார், தென்னிந்தியா என்பவை முன்னால் வரட்டும், ‘அழகு’, ‘மகிழ்ச்சி’ எல்லாம் பின்னால் போகட்டும். அமெரிக்க வரிப் படிவத்தை முதலிலேயே நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் அங்கே நடக்கும் விற்பனையில் நமக்கு வரும் பங்கிலிருந்து 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள், நிரப்பினால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15. அடோபியில் 25 டாலர் சேர்ந்த பிறகே பணத்தை எடுக்க முடியும். அதற்குக் கொஞ்ச காலம் ஆகும், நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டிருங்கள்.

சம்மதக் கடிதத்தின் தமிழ் வரைவை இந்த இழையிலேயே இடுகிறேன். அம்மா திருத்தித் தர வேண்டும்.